பதினேழும் மொட்டையும்

பூர்ணிமாவின் புருஷன் கலைவாணன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் முடிந்துவிட்டது. ஆனாலும் மாசத்துக்கு ஒரு தடவை அவள் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வெளியில் சொன்னால் மரை கழன்றுவிட்டது என்பார்கள். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. பெற்ற மகள் அபியிடம்கூடச் சொல்லவில்லை.

பேய் பிசாசு சமாசாரம் எல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். இலாசுப்பேட்டையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பூர்ணிமாவுக்கு டெக்னீஷியன் வேலை. கிருமி வளர்ப்பதுதான் தொழில். கலைவாணன் உயிரோடு இருந்த காலத்தில், அவள் வேலை முடிந்து முத்தியால்பேட்டை வீட்டின் மாடிப்படி ஏறும்போதே மேலே நின்றுகொண்டு, "என்னா, இன்னிக்கி எத்தினி கிருமிக்குச் சோறு போட்ட?" என்று கேட்பான். "உங்கள மாரி தின்னுட்டு கொறட்ட வுடாதுங்க அதுங்க" என்று அவள் சொல்வாள். பதினாறு வருஷமாக இதே பேச்சுதான். ஒரு நாளும் அலுத்ததில்லை.

அவன் மின்துறையில் வயர்மேன். திங்கள் முதல் வெள்ளி வரை டவுனில் கம்பம் ஏறுவான். சனி, ஞாயிறு ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு பாகூர் பக்கம் போய், அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து சேற்றில் இறங்கிவிடுவான். உடம்பில் சர்க்கரை. செருப்பு போட்டுக்கொண்டு வயலில் இறங்க முடியுமா? அந்த வருஷம் கார்த்திகை மழையில் நாற்றங்கால் வெட்டும்போது மண்வெட்டி பாதத்தைக் கீறியது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் அதே சேற்றில் நின்றான். பத்து நாளில் காய்ச்சல் வந்தது, பின்னாலேயே இருமல். டவுனில் ஒரு தனியார் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு டி.பி. என்றார். நாலு மாசம் ஆரஞ்சு நிறத்தில் மூத்திரம் போக மாத்திரை விழுங்கினான். காய்ச்சல் போனபாடில்லை. ஆள் பாதியாகிப்போனான். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அங்கே ரத்தம் எடுத்து, வளர்த்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். எங்கே அனுப்பினார்கள் என்கிறீர்கள்? பூர்ணிமாவின் கூடத்துக்கேதான்.

மூன்றாம் நாள் தட்டில் அது முளைத்திருந்தது. ஊதா நிறத்தில், வெயிலில் சுருங்கிய சாமந்தி மாதிரி, மடிப்பு மடிப்பாக. கூடத்தின் தலைவி ஜெயசித்ரா மேடம் அதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு பூர்ணிமாவை உட்கார வைத்தாள்.

"இது டி.பி. இல்லம்மா. மெலியோய்டோசிஸ். சேத்துல கெடக்கிற கிருமி இது. மழக் காலத்துல வயல்ல எறங்குற ஆளு, சர்க்கர இருக்கிற ஆளுன்னா உள்ள பூந்துடும். பூந்துட்டு டி.பி. மாரியே நடிக்கும். நான் டாக்டருக்கு இப்பவே போன் போடுறேன்."

சரியான மருந்தை அன்றைக்கே ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் கலைவாணன் போய்விட்டான்.

அவன் ரத்தத்தில் முளைத்த கிருமி மட்டும் போகவில்லை. ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மேடம் கேட்டபோது கையெழுத்துப் போட்டது பூர்ணிமாதான். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில், விரல் நுனி அளவுக் குப்பிகளில் அதை உறைய வைத்தார்கள். பதினேழு என்று எண் கொடுத்தார்கள். மாசத்துக்கு ஒரு தடவை ஒரு குப்பியை எடுத்து, தட்டில் தேய்த்து, மூன்று நாள் வளர்த்து, நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் புதிதாக உறைய வைக்க வேண்டும். அந்த வேலையைப் பூர்ணிமா வேறு யாரையும் தொட விட்டதில்லை. இரண்டு கையுறை, முகத்துக்குக் கவசம், கண்ணாடி போட்ட பாதுகாப்புப் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு, அவள் அதோடு பேசுவாள். உதடு அசைவது கவசத்துக்குள் யாருக்குத் தெரியப்போகிறது? அபி பிளஸ் டூ பாஸ் பண்ணியது, நர்சிங்கில் சேர்ந்தது, வண்டியை விற்க மனசு வராமல் துணி போட்டு மூடி வைத்திருப்பது எல்லாம் பதினேழுக்குத்தான் முதலில் தெரியும்.

அவனைக் கொன்ற கிருமி அது. அவளுக்குத் தெரியாதா என்ன? அதன் மேல் ஆத்திரம் வரும் என்று முதல் மாசம் அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. ஏக்கம்தான் வந்தது. அவன் போட்ட சட்டைகளில் வாசனை போய்விட்டது. போனில் இருந்த அவன் குரல் போன் கெட்டபோது போய்விட்டது. அவன் உடம்புக்குள் இருந்த ஒன்று, அவன் ரத்தத்தைத் தின்று வளர்ந்த ஒன்று, உலகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் அது அந்தக் குப்பிக்குள்தான் இருந்தது.

ஜெயசித்ரா மேடத்துக்குப் பதினேழின் மேல் இருந்த பிரியம் வேறு ரகம். வைத்திக்குப்பத்தில் மீன் விற்ற குடும்பத்தில் பிறந்து பாரீஸ் வரைக்கும் போய்ப் படித்துவிட்டு வந்தவள். கோபம் வந்தால் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிற குரல் எழும்பும். அவள் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு நொதியை. அதைப் பற்றிக் கேட்டால் சோறு ஆறிப்போனாலும் நிறுத்த மாட்டாள்.

"இந்தக் கிருமிங்க திங்கத் திங்க அமோனியாவா வெளிய வுடும். கூட்டம் பெருகப் பெருக, அதுங்க இருக்கிற தண்ணியே சுண்ணாம்பு மாரி காரமாப் பூடும். அப்பறம் அதுங்க வுட்டதுலயே அதுங்க சாவணும். ஆனா சாவாதுங்க. ஏன்? நாம இத்தினி பேரு சேந்துட்டோம்னு ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கும். சேதி வந்ததும் ஒவ்வொண்ணும் அந்த நொதியச் செய்யும். நொதி ஆக்சலேட்டச் செய்யும். புளிச்சக்கீரையில நாக்கு கூசுதே, அந்தப் புளிப்புதான். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் புளிப்ப வெளிய வுட்டு, காரத்த அடக்கி, மொத்தக் கூட்டமும் பொழச்சிக்கும். ஒடம்புக்குள்ள கட்டி கட்டியா மாசக் கணக்குல இது குந்திகிட்டு இருக்குதே, அதுக்கும் இந்தப் புளிப்பு உதவுதுன்னு எனக்கு ஒரு சந்தேகம். அந்த நொதிய மட்டும் அமுக்க ஒரு மருந்து கெடச்சா..." அதற்குமேல் சொல்லாமல் பூர்ணிமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வாள்.

அதற்காகத்தான் மொட்டையைச் செய்தார்கள். பதினேழின் மரபணுவில் அந்த நொதிக்கான துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் மீதி எல்லாம் அச்சு அசலாக அதேதான். கூடத்தில் எல்லோரும் அதை மொட்டை என்றே கூப்பிட்டார்கள். திரவத்தில் போட்டு வளர்த்தால் முதல் நாள் பதினேழும் மொட்டையும் ஒன்றுபோலக் கலங்கலாகப் பொங்கும், யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாம் நாள் மொட்டை தடுமாறும். மூன்றாம் நாள் ஒரு உயிர்கூட மிச்சம் இருக்காது. குடுவையில் இருப்பதென்னவோ அதே கலங்கல்தான், ஆனால் அத்தனையும் பிணம். பதினேழு மட்டும் வாரக் கணக்கில் அப்படியே இருக்கும். பூர்ணிமாவுக்கு மொட்டையைப் பிடிக்காது. தன் புருஷனை மூக்கறுத்து நிற்க வைத்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

இந்த ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை ஜெயசித்ரா மேடம் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"புது விதி போட்டுட்டாங்க பூர்ணிமா. நம்ம ரூமு அதுக்குத் தாங்காதாம். இன்னும் பெரிய பாதுகாப்பு இருக்கிற எடத்துலதான் இத வெச்சிக்கணுமாம். வெள்ளிக்கிழம குழு வருது. அவங்க எண்ணிப் பாக்க, அவங்க எதுர்லயே பதினேழு, மொட்ட எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டு ஆவியில வேக வெச்சு அழிச்சிடணும்."

"வேற எடத்துக்கு அனுப்பிட்டா மேடம்?"

"கேட்டுட்டேன். அவங்கவங்க கிட்ட இருக்கிறதே போதும்னுட்டாங்க. விடும்மா. நமக்கு வேண்டிய கணக்கெல்லாம் எடுத்தாச்சு. அதோட மரபணு முழுசும் எழுத்து எழுத்தாக் கம்ப்யூட்டர்ல இருக்கு."

பூர்ணிமா தலையை ஆட்டினாள். எழுத்து இருந்து என்ன பிரயோசனம், அது மூன்றாம் நாள் முளைக்குமா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அழுததைவிட அதிகமாக அழுதாள். அப்போது பக்கத்தில் ஜனம் இருந்தது, தோளைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். இப்போது எதற்கு அழுகிறாய் என்று யாராவது கேட்டால் என்னவென்று சொல்வாள்?

புதன்கிழமைக்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். உறைந்த குப்பிகளை எடுக்க முடியாது. பன்னிரண்டு என்று பதிவேட்டில் இருக்கிறது, குழு எண்ணும். ஆனால் மேடம் கடைசியாக ஒரு தடவை காரம் புளிப்பு அளந்துவிடலாம் என்று இரண்டு குடுவைகளில் பதினேழையும் மொட்டையையும் வியாழக்கிழமை ஊற வைக்கச் சொல்லியிருந்தாள். குடுவைத் திரவத்தை யாரும் எண்ண மாட்டார்கள். அதிலிருந்து ஒரு மில்லியைச் சின்னக் குழாயில் எடுத்து, பக்கத்து அறையில் கிருமி வளர்க்கிற சூட்டுப் பெட்டியான இன்குபேட்டரில், கிருமித் தீனி இருக்கிற மீடியா பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்துவிடலாம். கூடத்துக்கு வெளியே கொண்டுபோகிற எண்ணமே அவளுக்கு இல்லை. அபி இருக்கிற வீட்டுக்கு அதைக் கொண்டுபோவாளா? இங்கேயே, மாசத்துக்கு ஒரு தடவை, யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தேய்த்து வைத்துக்கொள்வாள். ரிட்டயர் ஆகப் பதினைந்து வருஷம் இருக்கிறது. பதினைந்து வருஷம் அவனுக்கு ஆயுசு நீண்டால் போதாதா?

தப்புதான். பெரிய தப்பு. இந்தக் கிருமி எப்பேர்ப்பட்டது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இல்லை. தெரிந்தேதான் செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாதுகாப்புப் பெட்டிக்குள் இரண்டு குடுவைகளையும் வைத்தாள். குடுவை உடம்பில் மார்க்கரில் எழுதினால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும்போது அழிந்துபோகும். அதனால் அங்கே மூடிதான் அடையாளம். நீல மூடி பதினேழு, சிவப்பு மூடி மொட்டை. ஒரு நேரத்தில் ஒரு மூடியைத்தான் திறக்க வேண்டும் என்பது முதல் நாள் வருகிற பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் விதி. அன்றைக்கு அவளே இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு, காரம் புளிப்பு காட்டுகிற தாளை நனைத்து நிறம் பார்த்தாள். முதல் நாள் வளர்ச்சிதானே, இரண்டிலும் தாள் பச்சைதான் காட்டியது.

கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். ஜெயசித்ரா மேடம்தான். "பூர்ணிமா, அவங்க கேட்டுக்கு வந்துட்டாங்க. இருவது நிமிஷத்துல மேல வந்துடுவாங்க. ரெடியா?"

"ரெடி மேடம்" என்று சொல்லிக்கொண்டே மூடிகளை எடுத்து மூடினாள். கண் கதவுப் பக்கமே இருந்தது. மேடம் படியிறங்கும் சத்தம் கேட்டதும், நீல மூடியைத் திறந்து ஒரு மில்லி எடுத்துச் சின்னக் குழாயில் விட்டு அடைத்தாள். வெளியைத் துடைத்தாள். பக்கத்து அறை இன்குபேட்டரின் கடைசி அடுக்கில், பாட்டில்களுக்குப் பின்னால் சொருகினாள். மொத்தம் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

குழுவில் மூன்று பேர். குப்பிகளை எண்ணினார்கள், பன்னிரண்டும் சரியாக இருந்தது. குடுவைகளையும் சேர்த்து ஆட்டோகிளேவுக்குள் அடுக்கியது பூர்ணிமாதான். நூற்று இருபத்தொரு டிகிரி. கதவைத் திருகி அடைத்தபோது அவளுக்குக் கண் கலங்கவில்லை. ஒரு திருட்டுச் சந்தோஷம் உள்ளுக்குள் குறுகுறுத்துக்கொண்டிருந்தது. மேடம்தான் பாவம், அவள் தோளில் கைவைத்து, "தைரியமா இருக்கியேம்மா" என்றாள்.

அன்று சாயங்காலம் பாதுகாப்புப் பெட்டியையும் அது இருந்த அறையையும் மருந்துப் புகை போட்டு அடைத்து சீல் வைத்தார்கள். திங்கள் காலைதான் திறப்பார்கள். அதுவரைக்கும் குழாயை எங்கேயும் திறக்க வழியில்லை. பரவாயில்லை, பதினேழு வாரக் கணக்கில் தாங்கும். மூன்று நாளெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா?

அந்த மூன்று நாளும் பூர்ணிமா பூர்ணிமாவாக இல்லை. சனிக்கிழமை மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள். அபி தட்டைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, "என்னாம்மா, பாட்டெல்லாம் வருது? லாட்டரி எதுனா அடிச்சிதா?" என்று கேட்டாள்.

"ஏன், நான் பாடக் கூடாதா?"

"பாடு பாடு. கேட்டு எத்தினி வருசம் ஆச்சி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் இன்னொரு துண்டு மீன் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீசரின் டிகிரியைக் குறிக்கிற முறை பூர்ணிமாவுடையது. குறித்துவிட்டு, இன்குபேட்டர் கதவைத் திறந்து, கையுறையோடு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நல்ல கலங்கல். "இங்கதான் இருக்கீங்களா" என்றாள். கூடத்தில் ஈ காக்கை இல்லை. முதல் தடவையாக வாய்விட்டுப் பேசினாள். பாகூரில் இந்த வருஷம் மழை சரியாக வந்தது, உங்க தம்பி நடவு முடித்துவிட்டார், எனக்கு முட்டி வலி, அபிக்கு ஒரு பையன் போன் பண்ணுகிறான் போல, கேட்டால் ஃப்ரெண்டு என்கிறாள், நீங்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பீர்கள், எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றாள். சாயங்காலம் அபியோடு கடற்கரை ரோட்டில் நடந்தபோது, பக்கத்தில் ஒரு ஆள் நடப்பதற்கு இடம் விட்டு நடந்தாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த மூன்று நாளும் அவளுக்குப் புருஷன் இருந்தான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே போய்விட்டாள். சீல் எடுத்தாயிற்று, மேடம் வர ஒன்பதரை ஆகும். கவசம், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் குழாயை வைத்துத் திறந்தாள். பழக்க தோஷம், எந்தத் திரவத்தைத் திறந்தாலும் முதலில் ஒரு துளியைத் தாளில் வைத்துப் பார்ப்பாள். வைத்தாள்.

தாள் கருநீலமாக மாறியது.

பூர்ணிமா இன்னொரு தாளைக் கிழித்தாள். அதுவும் கருநீலம். பதினேழு இப்படிக் காட்டாது. ஆக்சலேட் செய்யத் தெரிந்த கிருமி இருக்கிற தண்ணீர் இவ்வளவு காரமாகாது. கருநீலம் என்றால் மொட்டை. மூன்று நாள் தாண்டியும் கருநீலம் என்றால் செத்த மொட்டை.

வெள்ளிக்கிழமை காலை அவள் கண்முன்னால் வந்து நின்றது. இரண்டு குடுவைகள், இரண்டு மூடிகள், கண்ணாடியில் தட்டிய மேடம், கதவையே பார்த்த கண். மூடி மாறிவிட்டது. நீல மூடியின் கீழே இருந்தது மொட்டை. சிவப்பு மூடியின் கீழே இருந்த பதினேழை அவளே, அவள் கையாலேயே, ஆட்டோகிளேவுக்குள் வைத்து, அவளே கதவைத் திருகி அடைத்தாள். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு அடைத்தாள்.

"அய்யோ" என்றாள்.

தாள் பொய் சொல்லாது. தெரியும். தெரிந்தாலும் மனசு கேட்குமா? ஒன்றே ஒன்று, ஓர் ஓரத்தில், எப்படியாவது பிழைத்திருக்காதா என்று ஒரு தட்டை எடுத்து, குழாயிலிருந்து ஒரு துளி விட்டுத் தேய்த்தாள். மொட்டையாகவே இருக்கட்டும். ஒரு துண்டு இல்லாவிட்டால் என்ன, மீதி எல்லாம் அவன் ரத்தத்தில் வந்ததுதானே. இத்தனை நாள் மூஞ்சியைச் சுளித்து ஒதுக்கிய மொட்டையைப் பார்த்து, "முளைச்சிடு சாமி" என்று கெஞ்சினாள்.

செவ்வாய்க்கிழமை தட்டு வெறுமையாக இருந்தது. இரண்டாம் நாள் எப்போதும் புள்ளி புள்ளியாகத் தெரியும், தெரியவில்லை. வியாழக்கிழமை வரை மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தாள். வீட்டில் பாட்டு நின்றுவிட்டது. அபி கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை இன்குபேட்டரில் ஏதோ பாட்டில் தேடிய ஜெயசித்ரா மேடம் அந்தத் தட்டைக் கையில் எடுத்தாள். அதன் அடியில் பூர்ணிமாவின் முத்து முத்தான கையெழுத்தில், 17 மொட்டை என்று ஒரு கேள்விக்குறியோடு எழுதி, திங்கட்கிழமைத் தேதியும் போட்டிருந்தது. ஒளித்து வைக்கிற தட்டில் யாராவது பேரும் தேதியும் எழுதுவார்களா? இருபது வருஷம் கிருமி வளர்த்தவள் எழுதுவாள். எழுதாமல் ஒரு தட்டை உள்ளே வைக்க அவள் கைக்குத் தெரியாது.

"பூர்ணிமா!"

ஏலக் குரல்தான். மாடி முழுக்கக் கேட்டது. பூர்ணிமா வந்து நின்றாள். மேடம் அறைக் கதவைச் சாத்தினாள்.

"இன்னா இது? அழிச்சிட்டோம்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். நீ இங்க வளத்துகிட்டு இருக்கிறியா? யாராவது தெரியாமத் தொறந்திருந்தா? உன் புருசன் எப்பிடிச் செத்தாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சிமா?"

பூர்ணிமா எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், மூடி, கருநீலத் தாள், ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல மேடத்தின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"அது அவரு இல்லம்மா" என்றாள் மேடம் கடைசியில். "அவரக் கொன்னது அது. உனக்கு ஏன் இது புரிய மாட்டேங்குது?"

"புரியுது மேடம். ஆனா கடசி ஒம்போது நாளு ஐ.சி.யூ. ரூமுக்கு என்ன உள்ள வுடல. காலையில அஞ்சு நிமிசம், சாயங்காலம் அஞ்சு நிமிசம். அப்பறம் அதுவும் இல்ல, கண்ணாடி வழியா எட்டிப் பாக்கச் சொன்னாங்க. நான் காரிடார்லியே குந்திகிட்டு இருந்தேன். அவருக்கு உயிர் போவும்போது நான் டீ குடிச்சிகிட்டு இருந்தேன் மேடம். டம்ளர் கையில இருக்கு, வந்து சொல்றாங்க." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்த ஒம்போது நாளும் அவரு கூட உள்ள இருந்தது இது ஒண்ணுதான். அவருக்கு என்னா ஆச்சி, எப்பிடி இருந்திச்சி, எனக்குத் தெரியாது. இதுக்குத் தெரியும். அதான் மேடம். வேற ஒண்ணும் இல்ல."

ஜெயசித்ரா மேடம் தட்டை மேஜை மேல் வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குழுவுக்கு நான் எழுதித்தான் ஆவணும் பூர்ணிமா. உன் வேல என்னா ஆவும்னு என்னால சொல்ல முடியாது."

"எழுதுங்க மேடம். நான் செஞ்சது தப்புதான்."

"அந்தக் குழாயக் குடு, தட்டோட சேத்து நானே ஆட்டோகிளேவ்ல போட்டுடுறேன்."

"வேணாம் மேடம். நான் போடுறேன்."

ஆட்டோகிளேவ் இருப்பது பின்கட்டில் ஒரு சின்ன அறை. ஜன்னல் கிடையாது. ஆவி பிடிக்க ஆரம்பித்தால் அங்கே நிற்க முடியாது. பொருளை வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே வந்து, மணி அடித்தபின் போய் எடுப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். பூர்ணிமா பையில் குழாயையும் தட்டையும் போட்டு உள்ளே வைத்தாள். வைத்தது அவன் இல்லை. அவன் உடம்பில் இருந்த பதினேழுகூட இல்லை. ஏற்கெனவே செத்துப்போன, ஒரு துண்டு குறைந்த ஏதோ ஒன்று, காரத் தண்ணீர். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். கதவைத் திருகி அடைத்தாள். சுவிட்சைப் போட்டாள். மூலையில் இருந்த ஸ்டூலை இழுத்து மெஷின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

வாசலில் நின்ற மேடம், "வெளிய வாம்மா. நாப்பது நிமிசம் ஆவும். சூடு தாங்க மாட்ட" என்றாள்.

"நீங்க போங்க மேடம். நான் உள்ளவே இருக்கேன்."

முள் மெல்ல மெல்ல ஏறியது. குழாய்கள் முனகின. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கழுத்தில் இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது. பூர்ணிமா அழவில்லை, பேசவும் இல்லை. நூற்று இருபத்தொன்றில் முள் நின்றபோது, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போட்டுக்கொண்டாள். மேடம் கதவைச் சாத்தவில்லை, போகவும் இல்லை. காரிடாரில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மணி அடிக்கும் வரைக்கும் பூர்ணிமா வெளியே வரவில்லை.